பல்வைத்தியரின் பிரெஞ்சுப் படை

மன்னாரில் நான் சந்தித்த அந்தப் பல்வைத்தியர், மூக்கு நுனியில் கண்ணாடியோடு, பல் தோண்டும் ஊசியால் சின்னஞ்சிறு ஈயச் சிப்பாய்களின் சட்டைக்குப் பொத்தான் தீட்டுவார். ஞாயிறுகளில் அவருடைய சாப்பாட்டு மேசையில் பதினெட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் போர் நடக்கும். பிரெஞ்சுப் படை அவருக்கு, டச்சுப் படை எனக்கு. ஒருமுறைகூட நான் வென்றதில்லை.

அன்று என் குதிரைப்படை அவருடைய தளபதியை வளைத்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாதா கோயிலில் மத்தியான மணி அடித்தது. பல்வைத்தியர் எழுந்து செபம் சொன்னார். மரியாதைக்கு நானும் நின்றேன்.

"என்ர ஆக்கள் மாதாவைக் கும்பிட்டவை. இப்ப உருட்டிற தாயக்கட்டையில எனக்கு ரெண்டு கூட," என்றார்.

"என்ர ஆக்களும் எழும்பி நிண்டவைதானே, டொக்டர்?"

"டச்சுக்காரர் புரட்டஸ்தாந்துக்காரர், மாதாவைக் கும்பிடமாட்டினம். சரித்திரம் படிச்சனீங்கள்தானே?"

படித்தவன்தான். தோற்றேன்.

அடுத்த ஞாயிறு முந்திப்போய்ப் பிரெஞ்சுப் படையை எனக்கென்று எடுத்துக்கொண்டேன். மணி அடித்ததும் நானே முதலில் எழுந்தேன். அவர் என் திருநீற்றைப் பார்த்தார்.

"ஓம், படை கும்பிடும். தளபதி நீங்கள் சைவமெல்லோ? உங்களுக்கு அந்த ரெண்டு இல்லை."

கள்ள விளையாட்டு என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த முகத்தில் அவ்வளவு பக்தி.