நொட்டாங்கைத் தையல்

அந்த வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். அண்ணனைக் கட்டியவள் பெரியவள், தம்பியைக் கட்டியவள் சின்னவள். பெரியவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வருகிறவர்களுக்குச் சட்டத்தை மாட்டிவிட்டு, இது உங்கள் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறது என்று பதினான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி முகங்களுக்கு எதுவும் எடுப்பாக இருக்காது, ஆனாலும் சொல்ல வேண்டும். சின்னவள் கைக்குழந்தையோடு வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

சின்னவளுக்கு எல்லாமே இடது கைதான். கரண்டி, கத்தரிக்கோல், பேனா, துடைப்பம் எல்லாம் அந்தக் கையில்தான். மேசையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டால் முழங்கையும் முழங்கையும் முட்டிக்கொள்ளும். ‘நொட்டாங்கை’ என்று அவளுக்குப் பட்டம் வைத்தவள் பெரியவள்தான். ஒருமுறை விருந்தாளிகள் வந்திருந்தபோது, நாக்கை ஓரமாகத் துருத்தி, முழங்கையைத் தோளுக்குத் தூக்கி, சின்னவள் காய் நறுக்குவதை அப்படியே நடித்துக் காட்டினாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். அவளே சிரித்துவிட்டாளே, அப்புறம் என்ன என்று பெரியவள் அதை அன்றோடு மறந்துவிட்டாள். அடித்த கைக்கு ஞாபகம் இருப்பதில்லை என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

நூலகத்து மாடியில் சனிக்கிழமை மதியங்களில் ஒட்டுப்போர்வை வகுப்பு தொடங்குகிறது என்று அறிவிப்பு ஒட்டியதும் முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தாள் பெரியவள். துண்டுத் துணிகளை அளவாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, நடுவில் பஞ்சும் அடியில் ஒரு துணியும் கொடுத்துத் தைக்கிற வேலை. போர்த்திக்கொள்ள அவள் வீட்டில் போர்வைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. கடைக்கும் அடுப்புக்கும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்துக்கும் நடுவே, இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும் என்றிருந்தது. அந்த ஆசையில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

டீச்சர் முன்பு நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். துணி ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித்தான் தைக்க வேண்டும், நூலளவு கூடினாலும் குறைந்தாலும் பிரிக்கச் சொல்வார். வகுப்பில் இருந்த ஆறு பேரும் அவருக்குக் ‘கால் அங்குலம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

முதல் மூன்று வாரம் மெஷின் தையல். சதுரம், முக்கோணம், பட்டை. அதையெல்லாம் பெரியவள் எப்படியோ ஒப்பேற்றினாள். வீட்டில் மெஷின் வைக்கச் சாப்பாட்டு மேசையை விட்டால் இடமில்லை. வேளைக்கு ஒருமுறை அதைத் தூக்கிக் கீழே வைப்பதும், சாப்பிட்டு முடித்ததும் மறுபடி மேலே ஏற்றுவதுமாக இருந்தாள். மகனுடைய காலுறைக்குள் ஒரு குண்டூசி கிடைத்தது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் மறுநாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே செருப்புப் போட்டு நடக்க ஆரம்பித்தார்.

நான்காவது வாரம் கைத்தையல் வந்தது. காகிதத்தை அறுகோணமாக வெட்டி, அதன்மேல் துணியை மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பொடிப்பொடியாகச் சுற்றித் தைக்க வேண்டும். ஏழு அறுகோணம் சேர்ந்தால் ஒரு பூ. எப்படிச் செய்வது என்று டீச்சர் காட்டுவார், படம் போட்ட தாள் ஒன்று கொடுப்பார், தைத்து முடிப்பது வீட்டில். அவசரத்தில் மகனுடைய பூகோளக் கேள்வித்தாளை அறுகோணமாக வெட்டிவிட்டாள் பெரியவள். அவன் அழுது தீர்த்தான். அந்த வாரம் பார்த்துப் பிள்ளைகள் இரண்டுக்கும் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை வரை இரண்டு துண்டுதான் இணைந்திருந்தது, அந்த இணைப்பிலும் விரலை விடலாம்.

சனிக்கிழமை காலையில் பார்த்தால் மேசைமேல் முழுப் பூ கிடந்தது. சின்னவள் அடுப்படியிலிருந்தபடியே சொன்னாள்.

“குழந்தை தூங்கிட்டிருந்துச்சு அக்கா, கை சும்மாதான இருந்துச்சு. தாள்ல இருந்த படத்தப் பார்த்துப் போட்டேன். நீங்க போட்ட ரெண்டையும் பிரிச்சிட்டேன், கோவிச்சுக்காதீங்க.”

அன்று வகுப்பில் டீச்சர் அந்தப் பூவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். எட்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன், முதல் பூவே இப்படி வந்து நான் பார்த்ததில்லை என்றார். அது கைக்குக் கை மாறி மேசையைச் சுற்றி வந்தது. பெரியவள் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. தலையைச் சாய்த்து, இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா என்பது போலச் சிரித்தாள். அவ்வளவுதான். திரும்பி வரும்போது பேருந்தில் காது மடல் சுட்டது. அதே நேரம் உள்ளுக்குள் இனிக்கவும் செய்தது, அதுதான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த வாரம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரமும் சொல்லவில்லை. ஞாயிறு மதியம் சின்னவளை எதிரில் உட்காரவைத்து, முந்தைய நாள் கற்றதைச் செய்து காட்டுவாள். அவள் வலது கையால் காட்டுவதைச் சின்னவள் கண்ணாடியில் தெரிகிற உருவம் மாதிரி இடது கையால் செய்வாள். வளைந்த ஓரத்தை இழுக்காமல் இணைப்பது, இலையை வெட்டி மேலே வைத்து நூல் தெரியாமல் தைப்பது என்று ஒவ்வொன்றும் சின்னவள் கையில் முதல் தடவையே உட்கார்ந்தது. பெரியவளுக்கு வாயால் சொல்ல வந்தது, கைக்கு வரவில்லை. எல்லாம் பழகிப் பார்ப்பதற்குத்தான் என்று சின்னவள் நம்பினாள். அந்த முதல் பூவுக்குப் பிறகு வகுப்புக்குப் பெரியவள் தன்னுடையதைத்தான் எடுத்துப்போகிறாள் என்று நினைத்தாள். பெரியவள் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. இப்படியே ஐந்து வாரம் போயிற்று.

பத்தாவது வாரம் புதிதாக ஒருவர் வந்து சேர்ந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், மகளுக்குப் பிறக்கப்போகும் குழந்தைக்குத் தன் கையால் ஒரு போர்வை தைக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் இடது கைக்காரர். டீச்சர் காட்டுவதெல்லாம் அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. அரை மணி நேரம் போராடியதில் சட்டைக் கையையும் சேர்த்துத் தைத்துவிட்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே பெரியவளைக் கைகாட்டினார்.

“கவலைப்படாதீங்க, நம்ம கிளாஸ்லயே ஒருத்தங்க இருக்காங்க. இவங்க கத்தரிக்கோலச் சோத்தாங்கையில புடிப்பாங்க, ஊசி மட்டும் இடது கை. பின்பக்கம் தையல் சாய்ஞ்சிருக்கிறதப் பார்த்தே கண்டுபிடிச்சிட்டேன். அடுத்த வாரம் இவங்க பக்கத்துல உக்காந்து கத்துக்கோங்க.”

வலது கையால் போட்டால் ஒரு பக்கம் சாயும், இடது கையால் போட்டால் மறுபக்கம் சாயும். வரைபடம் வரைந்த கண்ணுக்கு அது தப்புமா? பெரியவள் அப்போதாவது சொல்லியிருக்கலாம். தபால்காரர் எழுந்து நின்று, ரொம்ப நன்றிம்மா என்று கும்பிடாத குறையாகச் சொன்னார். பெரியவள் அதற்கும் சிரித்தாள்.

இனி ஒருத்தி என்ன செய்ய வேண்டும்? வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டும். இவள் அதைச் செய்யவில்லை. ஒரு வாரத்துக்குள் இடது கையால் தைக்கக் கற்றுக்கொண்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். நாற்பத்தொரு வயதில், கடையும் வீடும் பிள்ளைகளுமாக, ஆறே நாளில். வெட்கம் ஒரு மனுஷியை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதற்கு அளவே கிடையாது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுப்புப் போட்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருந்தார்கள். சின்னவள் குழந்தைக்குத் தடுப்பூசி போட வெளியே போயிருந்தாள். பெரியவள் பின்னறையில் துவைத்த துணிக்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையில் ஊசியை எடுத்தாள். ஊசி ஒரு பக்கம் போனது, கை ஒரு பக்கம் போனது. இரண்டு தடவை கட்டைவிரலில் குத்திக்கொண்டாள். பிறகு சின்னவள் எப்படிப் பிடிப்பாள் என்று யோசித்து, அதேபோல முழங்கையைத் தூக்கினாள். நாக்கு தானாக ஓரத்துக்கு வந்தது. ஆச்சரியம், இரண்டு தையல் நேராக விழுந்தது. மூன்றாவது போடும்போது வாசலில் நிழல் தெரிந்தது.

சின்னவள் தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. பெரியவளின் நாக்கு இன்னும் வெளியேதான் இருந்தது.

சின்னவளுக்குக் கோபம் வரவில்லை. முகத்தில் ஒரு சிரிப்பைக் கொண்டுவரப் பார்த்தாள், பாதியிலேயே அது நின்றுபோயிற்று.

“யார் வராங்க அக்கா? யாருக்கு நடிச்சுக் காட்டப் போறீங்க?”

பெரியவளுக்கு முதலில் புரியவேயில்லை. புரிந்ததும் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“பரவால்ல அக்கா,” என்றாள் சின்னவள். “எனக்குப் பழகிடுச்சு. ஆனா குழந்தை வளந்துட்டு வருது, அது முன்னாடி மட்டும் வேணாம். அதுவும் இடது கையத்தான் நீட்டுது.”

ஆமாம், சும்மா விளையாட்டுக்குத்தான் என்று சொல்லியிருந்தால் பெரியவள் தப்பித்திருக்கலாம். கேலி என்ற குற்றத்துக்கு ஏற்கெனவே மன்னிப்புக் கிடைத்துவிட்டது, ‘பரவால்ல’ என்று சின்னவள் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது என்பதைப் பெரியவள் பிற்பாடு யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் இத்தனை வருடமாக அந்தச் சிரிப்பு எப்படிப்பட்ட சிரிப்பு என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. உட்கார்ந்த இடத்திலேயே கூனிக் குறுகிப்போனாள்.

“கேலி பண்ணல,” என்றாள். “திருடிட்டேன்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அறுகோணப் பூ, வளைவு, இலை, ஜன்னல் வெளிச்சம், தபால்காரர். பூசி மெழுகாமல்தான் சொன்னாள், ஆனால் சின்னவள் முகத்தைப் பார்க்காமல் துணிக்குவியலைப் பார்த்தே சொன்னாள். சின்னவள் குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிற அதே தூரம்.

அவள் முதலில் கேட்டது தபால்காரரைப் பற்றித்தான். பாவம், அவருக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்றாள். நீ வந்து சொல்லிக்கொடு, குழந்தையை நான் வைத்துக்கொள்கிறேன், அங்கே எல்லோர் முன்னாலும் நானே சொல்லிவிடுகிறேன் என்றாள் பெரியவள். சின்னவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஊசியைப் பெரியவள் கையிலிருந்து வாங்கி நூல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே, அடங்கிய குரலில் கேட்டாள்.

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

“எதைப் பத்தி?”

“என்னோடதப் பத்தி.”

பெரியவள் சொன்னாள். முதல் பூவே இப்படி வந்து பார்த்ததில்லை என்றார். சின்னவள் தலையாட்டினாள். வேற? வளைவுத் தையலில் ஒரு சுருக்கம்கூட இல்லை, பெட்டி போட்டுத் தேய்த்தது மாதிரி இருக்கிறது என்றார். வேற? இலையை வகுப்புச் சுவரில் ஒரு வாரம் மாட்டிவைத்தார். வேற? ஒவ்வொன்றையும் வார்த்தை மாறாமல் சொல்ல வந்ததுதான் பெரியவளுக்கு வெட்கக்கேடாக இருந்தது. தன் பிள்ளைகளின் மதிப்பெண்கூட அவளுக்கு இப்படி நினைவில் நின்றதில்லை. அத்தனையையும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தாள்.

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. சின்னவள் காத்திருந்தாள்.

“இந்தக் கையப் பார்த்தா, நானே மறுபடி முதல்லேருந்து கத்துக்கணும்போல இருக்குன்னு சொன்னாங்க.”

சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“அது எனக்குத் தெரியுமே அக்கா. அன்னிக்கு சாப்பிடும்போது மாமாகிட்ட சொன்னீங்களே. நான்தான் பரிமாறிட்டிருந்தேன். உங்களை நினைச்சு எனக்கு அவ்வளவு பெருமையா இருந்துச்சு.”

பாயில் குழந்தை புரண்டு படுத்தது. சின்னவள் முடிச்சை அவிழ்த்து முடித்து, நூலை நீவி, ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து போனாள். பெரியவள் துணிக்குவியலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து பசிக்கிறது என்று கூப்பிடும்வரை அப்படியே கிடந்தாள்.