கடிபடாத இலை

லிஃப்ட் மெக்கானிக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பொத்தானை மூன்று தரம் அழுத்துகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அந்த மனுஷர் வீட்டு பால்கனியில் புழு வளர்க்கிறார் என்றால் யார் நம்புவார்கள்?

ஏழு வருஷத்துக்கு முன்னால், மனைவி வைத்த எலுமிச்சைச் செடியில் ஒரு பச்சைப் புழுவைப் பார்த்து நசுக்கப் போனார். அது தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பை நீட்டி, குப்பென்று ஒரு நாற்றத்தை விட்டது. விரல் நீளம்கூட இல்லாத ஜந்துவுக்கு இவ்வளவு ரோஷமா என்று அசந்துபோனார். அன்றிலிருந்து பழைய மேசை விசிறியின் கூண்டுக்குக் கொசுவலை கட்டி, புழுக்களை வளர்த்துப் பட்டாம்பூச்சியாகப் பறக்கவிடுவது அவர் வழக்கம்.

இந்தத் தடவை பதினொன்று. தின்று தின்று வீட்டுச் செடியை மொட்டையாக்கிவிட்டன. நேற்று செடிக்கடைக்குப் போய், ஒரு ஓட்டைகூட இல்லாத எலுமிச்சைச் செடியாகப் பார்த்து வாங்கிவந்தார். இலைகளை இரண்டு தரம் கழுவித்தான் போட்டார்.

காலையில் பத்துப் புழுக்கள் பச்சையாகக் கக்கிவிட்டுத் துவண்டு கிடந்தன. விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றுகூடக் கொம்பை நீட்டவில்லை.

பதினோராவது மட்டும் தோலுரிக்கிற நேரம் என்பதால் நேற்றிலிருந்து எதையும் தின்னாமல் குச்சியைப் பிடித்தபடி இருந்தது. அதனால் பிழைத்தது. தோல் கழன்றதும் பசியோடு இலையைத் தேடும். கொடுக்க வீட்டில் நல்ல இலை ஒன்று கிடையாது.

"அந்தக் கடைக்காரனை இன்னைக்கு உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்."

"நீங்கதானே பாத்துப் பாத்து வாங்கினீங்க," என்றாள் மனைவி.

"எரியிற நெருப்புல நீ வேற எண்ணெய் ஊத்தாதே."

கடைக்காரரிடம் போய்க் கத்தினார். "என்னய்யா செடி வித்தே? என் புழு பத்தும் செத்துப்போச்சு."

கடைக்காரர் முகம் மலர்ந்தது. "மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு சொல்லுங்க."

"கழுவித்தான்யா போட்டேன்."

"மேல அடிச்சாத்தானே சார் கழுவினா போகும்? நாங்க வேர்லயே ஊத்திடுவோம். கடையில ஓட்டை விழுந்த இலை ஒண்ணு காட்டுங்க பாப்போம்."

மெக்கானிக் ஒவ்வொரு செடியாகப் பார்த்தார். ஒரு ஓட்டைகூட இல்லை. ஏழு வருஷமாகப் புழு பிடிக்கத் தெருவெல்லாம் கடிபட்ட இலையைத் தேடி அலைந்தவர், நேற்று கடிபடாத இலையைப் பார்த்து மயங்கியிருக்கிறார். பூச்சியே தொடாத இலையைப் பூச்சிக்கு வாங்கிக் கொடுத்த மகா புத்திசாலி. கடைக்காரர் மேல் வந்த கோபமெல்லாம் தன் மேலேயே திரும்பி, இன்னும் மோசமாக எரிந்தது.

வெளியே வந்தவர் பின்சுவர் ஓரம் உடைந்த தொட்டியில் ஒரு எலுமிச்சைச் செடியைப் பார்த்தார். இலையெல்லாம் சல்லடையாக இருந்தது. அதில் ஒரு சின்னப் புழு நிம்மதியாகத் தின்றுகொண்டிருந்தது.

"அது பூச்சி அரிச்சு வீணாப்போனது சார். மருந்துகூட ஊத்தாம தூக்கிப் போட்டோம்," என்றார் பின்னாலேயே வந்த கடைக்காரர்.

"பூச்சி அரிச்சதுதான்யா வேணும்," என்று தொட்டியோடு தூக்கினார்.

மத்தியானம் வீட்டில் பதினோராவது புழு தோலை உரித்துப்போட்டது. வேலையிடத்திலிருந்து போன் வந்தது, லிஃப்ட் நகரவில்லையாம். "படியில ஏறச் சொல்லு," என்று வைத்துவிட்டார். சாயங்காலத்துக்குள் புழு பாதி இலையைத் தின்றுவிட்டது. அப்போதுதான் அதன் முதுகை விரலால் மெல்லத் தொட்டார்.

இரண்டு கொம்பும் விருட்டென்று நீண்டன. நாற்றம் குப்பென்று வந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை.

"நல்லாத் திட்டு," என்றார். "என்னைத்தான் திட்டணும்."