ஏணிப் படத்தின் இயக்குநர்

என் அண்ணி ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. புதிதாகச் சேருகிறவர்களை உட்கார வைத்து, ஏணி ஏறுவது, தீயிலிருந்து தப்பிப்பது, சரக்கு வண்டி ஓட்டுவது என்று மூன்று படங்களைப் போட்டுக் காட்டுவாள். பார்த்துப் பார்த்து வசனமெல்லாம் தலைகீழ்ப் பாடம். சினிமா என்றால் அவளுக்கு உயிர். இந்த வயதில் மாலை வகுப்பில் சேர்ந்து அதைப் படிக்கிறாள். என் அண்ணனுக்கு அதில் கொஞ்சம் பெருமை, நிறையக் கிண்டல்.

வகுப்பில் ஒரு கட்டுரை கேட்டார்கள். ஒரு படத்தின் உண்மையான ஆசிரியர் அதன் இயக்குநர்தான், எதை எடுத்தாலும் அவருடைய முத்திரை விழும் என்பது கோட்பாடு. ஓர் இயக்குநரைத் தேர்ந்தெடுத்து அதை நிரூபிக்க வேண்டும். பெரிய பெயர்களையெல்லாம் மற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். அண்ணி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தாள்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் கை பாதியில் நின்றது.

"ஏய், ஏணிப் படத்துல ஒருத்தன் கூட்டாளிகிட்ட கதை சொல்லிக்கிட்டே ஏறி, பாதிக் கதையில விழுந்துருவான்ல? அப்புறம் சரியா ஏறிக் காட்டுறப்ப, பத்திரமா இறங்கி வந்து மீதிக் கதையச் சொல்லி முடிப்பான். தீப் படத்துலயும் அதேதான். வண்டிப் படத்துலயும் அதேதான். யாருடி அவங்களக் கதை சொல்லச் சொன்னது?"

எனக்குப் புல்லரித்துவிட்டது. எந்த முதலாளியும் காசு கொடுத்து அதைக் கேட்டிருக்க மாட்டான்; அது எடுத்தவருடைய முத்திரைதான்.

அண்ணி வகுப்பில் இதைச் சொன்னபோது ஆசிரியை சிரிக்கவில்லை. மூன்றும் ஒரே ஆள் எடுத்தது என்று காட்டினால் எழுதலாம், முடியாவிட்டால் நாளைக்குள் வேறு ஆளைச் சொல்ல வேண்டும் என்றார். அங்கேதான் இடித்தது. படங்களில் இயக்குநர் பெயரே கிடையாது. ஆளுக்கொன்றாக எடுத்திருந்தால் அண்ணியின் கண்டுபிடிப்பு புஸ்ஸாகிவிடும்.

படங்களை விற்ற நிறுவனத்துக்குப் போன் போட்டோம். அங்கே கேள், இங்கே கேள் என்று அலைக்கழித்துக் கடைசியில் ஓர் எண் கொடுத்தார்கள். அடித்தால் ஒரு பெண் குரல். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள். அண்ணன்கூட டிவியை அணைத்துவிட்டு வந்து நின்றான்.

மூன்றும் தான் எடுத்ததுதான் என்றார் அந்த அம்மா. அண்ணி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. அந்தக் கதைகளைப் பற்றி மூச்சுவிடாமல் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் வெட்டச் சொன்னார்களாம். இவர் சண்டை போட்டு அவற்றை அப்படியே வைத்தாராம். அண்ணி கட்டுரை எழுதப்போவதைச் சொன்னதும் அவரே ஒன்று கேட்டார்.

"அந்தக் கட்டுரையில என் பேரு வருமா?"

"உங்க பேருலதான் அது ஆரம்பிக்குது. சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்."