மழைநாள் முறைப்பாடு

குண்டசாலையில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் வீடு பள்ளத்துக்குள் இருந்தது. அங்கே சிக்னல் இல்லாததால் போனுக்கு வைஃபை வழியாகத்தான் கோல் வரும். மழை வந்தால் அதுவும் நின்றுவிடும். போன் கம்பனி பழியை எங்கள் இன்டர்நெட் கம்பனிமேல் போட்டுவிடும். உடனே அவர் என்னை அழைத்துத் திட்டுவார்.

ஒருநாள் அப்படித் திட்டு வாங்கியபின், மழை விட்டதும் நேரிலேயே போனேன். ஓய்வுபெற்ற ஆபீஸ் கிளாக்கர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. பேசும்போது விரலை என் மூக்குக்கு நேரே ஆட்டினார். உள்ளே ரவுட்டரின் ப்ளக் கழன்று கிடந்தது.

“இத யாருங்க கழட்டினது?”

“நான்தான். இடி இடிச்சா கழட்டிருவேன். பெட்டி எரிஞ்சு போயிரும்ல?”

“இது ஓடாட்டி வைஃபை ஏதுங்க? கோல் எப்பிடி வரும்?”

“கோல் போன்லதானே வருது? ஒங்க பிழைய என் தலையில கட்டாதீங்க!”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “அப்ப இன்னைக்கு எங்களுக்கு எங்கேருந்து கோல் எடுத்தீங்க?”

“மேல ரோட்டுக்கு ஏறிப் போய்த்தான். அங்கதான் சிக்னல் இருக்கு.”

வாசலில் அவர் குடை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அவரை எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. ஆனால் பெட்டி இடியில் எரிந்துவிடும் என்று பயந்த மனிதர், என்னைத் திட்டுவதற்காக அதே இடிக்குள் வெட்டவெளியில் போய் நின்றிருக்கிறார்.