ஹார்ட்டம்மாவும் தபால்காரரின் காலும்

மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு 'ஹார்ட்டம்மா' என்று பட்டப்பெயர். பள்ளியில் படிக்கும்போதே அப்பாவை மாரடைப்பில் பறிகொடுத்தவள். இதய டாக்டர் ஆகியே தீருவேன் என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். மற்றவர்கள் கணக்கு வேறு. ஒருவனுக்குத் தோல் வைத்தியம் பிடிக்கும். அகால நேரத்தில் யாரும் எழுப்பமாட்டார்கள். இன்னொருத்திக்கு எக்ஸ்ரே அறை. படம் எதிர்த்துப் பேசாது. இதற்கெல்லாம் லட்சியம் என்று பெயர் வேறு. காய்ச்சல், இருமல், புண் என்று எதற்கும் ஜனங்கள் முதலில் ஓடி வருகிற சின்ன மருத்துவமனை மட்டும் யார் கணக்கிலும் இல்லை. அது மார்க் போதாதவர்கள் ஒதுங்குகிற இடமாம்.

கடைசி வருஷத்தில் எல்லோரும் அங்கே கொஞ்ச காலம் வேலை பார்த்தாக வேண்டும். அவளும் வேண்டாவெறுப்பாகப் போனாள். ஒரு நாள் தபால்காரர் ஒருவர் வந்து, செருப்பு கடித்த புண் ஆறவில்லை என்றார். பழக்கதோஷத்தில் அவள் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். துடிப்புக்கு நடுவே ஒரு சத்தம். புத்தகத்தில் மட்டும் படித்திருந்த சத்தம். சந்தோஷத்தில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கூட வந்த மாணவர்களைக் கூப்பிட, அவர்கள் வரிசையில் நின்று கேட்டார்கள். மனிதர் மூச்சைப் பிடித்துப் பிடித்தே களைத்துப்போனார். உடனே பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டாள். செருப்பைக் கழற்றச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. இத்தனை படித்த கூட்டத்துக்குத்தான் இப்படி ஒரு மறதி வரும்.

சில வாரம் கழித்து அவர் நொண்டிக்கொண்டு வந்தார். பெரிய மருத்துவமனைக்கு அலைந்த அலைச்சலில் பாதம் வீங்கி, சுண்டுவிரல் கறுத்திருந்தது. சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

"ஹார்ட்டுல ஒண்ணும் பயமில்லன்னுட்டாங்கம்மா. இந்தக் கால மட்டும் கொஞ்சம் பாத்துடுங்க" என்றார். குரலில் குறை சொல்கிற தொனியே இல்லை. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

சுண்டுவிரல் போயிற்று. பாதத்தை அவள் விடவில்லை. அங்கே வேலைக்காலம் முடிந்த பிறகும் தினம் காலையில் பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றினாள், சர்க்கரை பார்த்தாள். அப்படியே அவர் மனைவியின் ரத்த அழுத்தம், பக்கத்து வீட்டுக் குழந்தையின் இருமல் என்று வேலை வளர்ந்தது. மனசாட்சி உறுத்துகிறது, அதனால் செய்கிறாள் என்றார்கள் தோழிகள். முதல் வாரம் வேண்டுமானால் இருக்கலாம். மாதக்கணக்கில் சிரித்த முகத்தோடு பஸ் ஏற வைக்க மனசாட்சி மட்டும் போதாது, பிடித்துப்போக வேண்டும். தபால்காரர் மறுபடி தெருத் தெருவாக நடந்தபோது அவளுக்கு எந்தப் பிரிவு வேண்டுமென்று தெரிந்துவிட்டது.

தேர்வில் அவள்தான் முதலிடம். மேல்படிப்புக்குப் பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில், மண்டபத்தில் முதல் ஆளாக எழுந்து, "குடும்ப மருத்துவம்" என்றாள். சின்ன மருத்துவமனைக்கான படிப்பு அது; கைதட்டத் தயாராக இருந்தவர்கள் கையை இறக்கிக்கொண்டார்கள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. இதயப் பிரிவு காலியாத்தான் இருக்கு" என்றார் அதிகாரி.

"யோசிச்சுத்தான் சார் சொல்றேன்."

மகள் இதய டாக்டர் ஆகப்போகிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்த அம்மாவும் மண்டபத்துக்கு வந்திருந்தாள். வீடு வந்து அடுப்பைப் பற்றவைத்ததும் கேட்டாள்:

"அப்பாவ மறந்துட்டியா?"

"மறக்கலம்மா. மூச்சு வாங்குது, மூச்சு வாங்குதுன்னு எத்தன நாள் சொல்லிட்டிருந்தாரு? ஹார்ட் டாக்டர் பாத்தப்போ எல்லாம் முடிஞ்சுபோச்சு. முன்னாடியே உக்காத்தி வச்சு என்னன்னு கேக்க ஒரு டாக்டர் இல்லியேம்மா."

அம்மா அடுப்பை அணைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"எனக்குந்தான் கொஞ்ச நாளா மாடி ஏறினா மூச்சு வாங்குது. பெரிய டாக்டரா வரப்போறவ, இதையெல்லாமா உங்கிட்ட சொல்றதுன்னு இருந்துட்டேன்."