சரசக்காவின் மாடிப்படியில் என் தொட்டிகள்

எங்கள் ஹவுஸ் ஓனர் இறந்துவிட்டார்.

இந்தப் பக்கத்தில் என் செடிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு அவரைத் தெரியும். "இன்னைக்கு எங்க ஹவுஸ் ஓனர் என்ன சொல்லுச்சு தெரியுமா" என்று நான் எழுதியதும் வரிசையாகச் சிரித்துவிட்டுப் போவீர்களே... அவர்தான். பெயர் சரசக்கா.

நெஞ்சுவலி. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இன்று விடிந்ததும் முடிந்துவிட்டது.

காலையிலிருந்து எங்கள் ஊர் எருத்தேன்பதியில் எனக்குத் தெரிந்த எல்லோரும் ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். "தங்கமான மனுஷி." "யாரையும் ஒரு சொல் சொல்லாதவங்க."

என்னைச் சொல்லியிருக்கிறார். நிறைய.

நாங்கள் குடியிருப்பது அவர் வீட்டு மேல் போர்ஷன். ஒரு ரூம், ஒரு கிச்சன். காலேஜ் முடித்த வருடம் ஒரு தோழி கொடுத்த மணி பிளான்ட் கொடியில் ஆரம்பித்தது... ஃப்ரிட்ஜ் மேல், அரிசி டிரம் மேல், தையல் மிஷின் மேல், பாத்ரூம் ஜன்னலில். அப்பா சட்டை மாட்டும் ஆணியில்கூட ஒன்று தொங்கியது. ரூமுக்குள் இனி இடமே இல்லை என்றானபோது மாடிப்படிக்கு வந்தேன்.

சரசக்கா தென்னந்தோப்புக்காரர். டெரஸில் கொப்பரை காயப்போட தினமும் அந்தப் படியில்தான் ஏறுவார்.

"ஏனம்மிணி, இது காய்க்குமா?"

"இல்லீங்கக்கா."

"பூக்குமா?"

"இல்லீங்க..."

"மாடாச்சும் திங்குமா?"

நான் ஒரு தொட்டியைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தேன்.

"கறிக்கும் ஆகாது, கோயிலுக்கும் ஆகாது. இதுக்குத்தான் உங்கப்பன் வெய்யில்ல நின்னு உன்னையப் படிக்க வெச்சானாக்கும்? படி மனுசரு ஏறதுக்கு. நாளைக்கு இங்க ஒரு தொட்டி இருந்தாலும் தோப்புல வீசிப்போடுவேன், பாத்துக்க."

எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. அப்பா அந்த டிகிரிக்காக வெயிலில் நின்றது சரசக்காவின் தோப்பில்தான். அதனால் வாயைத் திறக்க முடியாது. முடிந்தாலும் எனக்குப் பேச வராது. மேலே வந்து கதவைச் சாத்திக்கொண்டு இங்கே எழுதுவேன்.

தொட்டிகளை எடுத்துவிட்டேன். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால்... அம்மா ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் சோறு வடிப்பார்.

போன வருடம் மார்ச் மாதம் ஒரு வேலைக்கான இன்டர்வியூ. நானும் அப்பாவும் திருவனந்தபுரம் போனோம். மூன்று நாள்.

திரும்பி வந்தால் ரூம் காலி. ஒரு தொட்டி இல்லை. அம்மா மேலே கையைக் காட்டினார்.

மொத்தமும் டெரஸில். மொட்டை வெயிலில், கொதிக்கிற சிமென்ட் தரையில், வரிசை கட்டி. எல்லாம் நிழல் செடிகள். அக்லோனிமா வெந்த கீரை மாதிரி கிடந்தது. கலாத்தியா இலையைத் தொட்டால் அப்பளம் போல நொறுங்கியது.

மண் மட்டும் ஈரமாக இருந்தது. கோடையில் எங்களுக்கு ஒரு குடம் தண்ணீர் அதிகம் விடாதவர், மோட்டார் போட்டு ஹோஸ் பிடித்திருக்கிறார்.

"ஊட்டுக்குள்ள அடைச்சு வெச்சிருந்தயே, பாத்தா பாவமாப் போச்சு. செடின்னா வெய்யிலு வேண்டாமா? நல்ல எடமா இருக்கட்டும்னு நாந்தான் அத்தனையும் தூக்கி வெச்சேன்."

"எல்லாம் செத்துப்போச்சுங்க!" அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

"வெய்யில்ல சாகற செடி எந்த ஊர்ல இருக்குது? தென்னை செத்துச்சா, மாமரம் செத்துச்சா? நீ வளத்துன லச்சணம் அப்படி!"

ஒரு சாரி இல்லை. கடைசிவரை இல்லை.

என் செடிகளுக்கு டெரஸை விட்டுவிட்டு, கொப்பரையை ரோட்டோரம் தார்ப்பாய் விரித்துக் காயப்போட்டிருந்தாராம். பாதியை நாய் இழுத்துப்போனது. அம்மா சொன்னார். சொன்னால் என் கோபம் இறங்கும் என்று நினைத்திருப்பார்.

இறங்கவில்லை.

ஐந்து ஸ்நேக் பிளான்ட் மட்டும் பிழைத்தது. அன்றிலிருந்து நான் சரசக்காவோடு பேசவில்லை.

செடிகள் திரும்பச் சேர்ந்தன. இந்தத் தடவை யாரையும் கேட்காமல் படியில் வைத்தேன். ஒவ்வொரு படியிலும், இரண்டு ஓரத்திலும். வீசட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று.

அவர் வீசவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. இடுப்பில் கொப்பரைக் கூடையோடு, வலிக்கிற முட்டியோடு, சுவரைப் பிடித்துப் பிடித்து, ஒவ்வொரு தொட்டியாக விலகி ஏறினார். ஒருநாள் ஜன்னலில் நின்று அதை முழுக்கப் பார்த்தேன். பாதிப் படியில் நின்று அவரும் என்னைப் பார்த்தார்.

நான் ஒரு தொட்டியைக்கூட நகர்த்தவில்லை. வேண்டுமென்றேதான்.

இன்று காலை அவருடைய மகன் மேலே வந்தார். "அம்மாவக் கொண்டுட்டு வர்றாங்க. ஆளுங்க வந்தா படியிலதான் உக்காரோணும்... தொட்டிய மட்டும் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?"

எடுத்துவிட்டேன். ரூமில் வைக்க வேறு இடமில்லை. என் கட்டில் நிறையத் தொட்டிகள். நான் தரையில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். கீழே ஆம்புலன்ஸ் கதவு திறக்கிற சத்தம்... அழுகை.

தங்கமான மனுஷி என்று என்னால் ஸ்டேட்டஸ் போட முடியாது. என் கலாத்தியாவைக் கொன்றவர் அவர்.

ஆனால் படி காலியாக இருக்குதுங்கக்கா.

செவுத்தைப் புடிக்காம ஏறலாம்.