நாலு ஆசனத்தோடு நின்றவள்

துய்யா எங்கள் வீட்டு மாடிக்கு முதலில் வந்தபோது மூன்று மாதம் தங்குவதாகத்தான் சொன்னாள். யோகா பழக எங்கள் கோகுலம் பேட்டைக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். சிலர் மூன்றாவது வாரமே வயிறு கெட்டு ஊர் திரும்புவார்கள். சிலர் கோவா பக்கம் போனால் வரவே மாட்டார்கள். இவள் பதினோரு வருஷமாக வந்துகொண்டிருக்கிறாள்.

பின்லாந்துக்காரி. அங்கே ஔலு என்ற ஊரின் விமான நிலையத்தில், திரையைப் பார்த்தபடி விமானங்களுக்கு வழி சொல்லும் வேலை. அப்போது வயது நாற்பத்திரண்டு. புருஷனை விட்டுப் பிரிந்து ஆறு வருஷம். பிள்ளை இல்லை.

என் கணவர் பசவராஜு ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்தவர். அவள் வேலையைக் கேட்டதும், மற்றக் குடித்தனக்காரர்களுக்குக் கொடுக்காத மரியாதையை இவளுக்குக் கொடுத்தார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடிக்கே போய் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரே நேரத்துல எத்தன விமானம் உன் கையில இருக்கும்மா?"

"ஏழு, எட்டு."

"கண்ணு கொஞ்சம் அசந்தா?"

"அசரக் கூடாது அங்கிள்."

"அப்படிக் கண்ணத் தொறந்து வச்சிருந்தவ, கண்ண மூடிக்கிட்டு உக்காரவா இவ்ளோ தூரம் வந்த?"

"இதுல கண்ண மூடறதே இல்ல. மூக்கு நுனியப் பாக்கணும்."

"மூக்கப் பாக்கறதுக்கு விசா வேற" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தார். அவரை அங்கிள் என்றும் என்னை அக்கா என்றும் அவள் கூப்பிட்டதில் அவருக்கு இன்றுவரை மனத்தாங்கல் உண்டு.

வேலையில் ஏதாவது விபத்தா, அதனால் மனம் விட்டுப்போயிற்றா என்று ஒருநாள் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பதினெட்டு வருஷத்துல ஒண்ணுமே நடக்கல அக்கா. ஒண்ணும் நடக்காம பாத்துக்கறதுதான் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அது நிக்கல. நீங்க அடுப்புல பால வச்சிட்டுப் பாப்பீங்க இல்ல, அந்த மாதிரியே எந்நேரமும் பாத்துட்டிருந்தேன்."

முதலில் ஒரு வருஷம் விடுப்பு எடுத்திருந்தாள். அது முடிவதற்குள் ராஜினாமாக் கடிதம் அனுப்பிவிட்டாள். மாடியில் அவளிடம் இருந்தது ஒரு பாய், ஒரு போர்வை, இரண்டு பாத்திரம், பழைய சைக்கிள் ஒன்று. வெந்நீர் அடுப்பு வேண்டாமென்று பச்சைத் தண்ணீரில் குளித்தாள். பகலில் எங்களோடு ராகிக் களியும் உப்புச்சாறும். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று பசவராஜு சொல்லிக் கொடுத்தார். இரண்டு நாள் புரையேறியது, மூன்றாம் நாள் பழகிவிட்டது.

பயிற்சிக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓர் ஆசனம் கைவந்தால்தான் சொல்லிக்கொடுக்கும் சார் அடுத்ததைக் கொடுப்பார். விடியற்காலை நான்கரை மணிக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு போவாள். இரண்டு வருஷத்தில் நாற்பது ஆசனத்துக்கு மேல் வந்துவிட்டது. அதற்கப்புறம் ஒன்றில் மாட்டிக்கொண்டாள். உடம்பை முறுக்கிக் கைகளை முதுகுக்குப் பின்னால் கோக்க வேண்டும். விரல் நுனி தொடும், பிடி கிடைக்காது. எட்டு மாதம் அப்படியே போயிற்று. இளநீர்க் கடையில் யாருக்கு எந்த ஆசனம் கொடுத்தார்கள் என்பதுதான் பேச்சு. இவளுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் தாண்டிப் போனார்கள்.

"அவசரப்படாத" என்று சார் சொல்லியிருந்தார். இவள் கேட்கவில்லை. ஒரு சாயங்காலம், துண்டைக் கட்டிக் கையை இழுத்திருக்கிறாள். கீழே எங்களுக்கு ஒரு அலறல் கேட்டது. பசவராஜு ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனார். தோள்பட்டைத் தசைநார் கிழிந்துவிட்டது, ஆறு மாதம் கையைத் தூக்கவே கூடாது என்றார் டாக்டர்.

அந்த ஆறு மாதம் அவளைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. தலையை நான்தான் பின்னிவிட்டேன். ஒருநாள், "நான் வேலைய விட்டுட்டு வரல அக்கா. கையோட எடுத்துட்டு வந்திருக்கேன்" என்றாள். புரியவில்லை என்றேன்.

"ஒரு விமானம் எறங்கினா அடுத்தது எங்கன்னு பாப்பேன். இங்கயும் அதேதான். ஒரு ஆசனம் வந்தா அடுத்தது எப்பன்னு பாத்தேன். ஒரு நாளாவது செய்யறத செஞ்சேனான்னு தெரியல."

ஆறு மாதம் கழித்துப் போனபோது சார் நாலே நாலு ஆசனம் செய்யச் சொன்னார். நின்று குனிவது, உட்கார்ந்து குனிவது போன்றவை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் செய்வது. அது முடிந்ததும் உட்கார்ந்து மூச்சைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். மற்றவர்கள் காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் போடும் கூடத்தில், முன் வரிசையில், ஒரு வருஷம் இவள் அந்த நாலைச் செய்தாள். முதல் மாதம் அழுதுகொண்டே வருவாள். அப்புறம் அழவில்லை. அதற்கும் அப்புறம், வரும் வழியில் காய்காரியிடம் நின்று வம்பளந்துவிட்டு வர ஆரம்பித்தாள். கன்னடம் அப்படித்தான் வந்தது.

அந்த வருஷம்தான் அவள் அப்பா வந்தார். ஒஸ்மோ என்று பெயர். எழுபத்துநாலு வயது, கெமி என்ற கடற்கரை ஊரில் காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கிலம் தெரியாது. மூன்று பொட்டலம் காப்பித்தூள், செங்கல் மாதிரி கறுப்பு ரொட்டி கொண்டுவந்திருந்தார். மகளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தார் என்பது முகத்திலேயே தெரிந்தது. அண்டை அயலில் அவள் ஏதோ வெளிநாட்டுப் பயிற்சியில் இருப்பதாகச் சொல்லி வைத்திருந்தாராம்.

வந்த மூன்றாம் நாள் எங்கள் தண்ணீர் மோட்டார் நின்றது. பசவராஜுவும் அவரும் அதைக் கழற்றிப் போட்டு ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார்கள். இவர் கன்னடத்தில் திட்டினார், அவர் அவர் மொழியில் திட்டினார். மோட்டார் ஓடிற்று. "தங்கமான மனுஷன். ஒரு வார்த்த அதிகம் பேசல" என்றார் பசவராஜு.

மறுநாள் விடியலில் ஒஸ்மோ மகளோடு கூடத்துக்குப் போனார். வாசற்படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். திரும்பி வந்து எங்கள் சமையலறையில் காப்பி போட்டுக்கொண்டே ஏதோ கேட்டார். துய்யா எனக்கும் சொன்னாள்.

"'பக்கத்துல அந்தச் சின்னப் பொண்ணு வில்லு மாதிரி வளையறா. நீ குனிஞ்சு கால் விரலத் தொடற. இதுக்கா அந்த வேலைய விட்ட?'ங்கறார்."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னு சொன்னேன்."

அவர் காப்பியை ஆற்றிக் குடித்தார். மறுபடி ஒன்று கேட்டார். இந்த முறை அவள் எனக்குச் சொல்லவில்லை. மாடிக்குப் போய்விட்டாள். அவர் ஊருக்குக் கிளம்பிப் போன பிறகுதான் சொன்னாள்: "'நான் விழுந்தா யாரு தூக்குவா?'ன்னு கேட்டார் அக்கா."

எனக்கு அன்று அவள்மேல் கோபம் வந்ததை மறைக்க மாட்டேன். பெற்ற அப்பனைப் பனிக்குள் தனியாக விட்டுவிட்டு இங்கே மூச்சை எண்ணிக்கொண்டிருப்பது என்ன நியாயம்? சொல்லியும்விட்டேன். அவள் இரண்டு நாள் சாப்பிடக் கீழே வரவில்லை. மூன்றாம் நாள் நானே களியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் நிஜமாகவே விழுந்தார். பனியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. செய்தி வந்த அன்று மத்தியானமே துய்யா கிளம்பிவிட்டாள். பழைய அலுவலகம் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வா என்று கூப்பிட்டது. மறுத்துவிட்டு, கெமியிலேயே ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் பகல் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவைக் குளிப்பாட்டினாள், நடக்க வைத்தாள். விடியலில் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்து அந்த நாலு ஆசனம்.

ஒன்பதாம் மாதம் போனில் பேசினாள்.

"சுகுணக்கா, மாடி காலியா இருக்கா?"

"அப்பாவ விட்டுட்டா வர்ற?"

"அவர்தான் தொரத்தறார். 'நீ காலங்காத்தால வெளக்கப் போட்டுட்டு மூச்சு விடற, எனக்குத் தூக்கம் போகுது. நான்தான் நடக்கறனே, கெளம்பு'ங்கறார். வெயில் காலத்துக்கு நான் இங்க திரும்பி வரணும்னு மட்டும் எழுதி வாங்கிட்டார்."

அன்றிலிருந்து ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. விசாவும் இப்போது அதற்குமேல் இடம் கொடுப்பதில்லை. கோடையில் முதியோர் இல்லத்தில் சமைக்கிறாள், குளிர் தொடங்கினால் அப்பாவின் தங்கை மகள் அவரோடு வந்து தங்குகிறாள், இவள் இங்கே வருகிறாள். ஒஸ்மோ இப்போது ஊரில் உண்மையைச் சொல்லிவிட்டாராம். "என் மக இந்தியாவுல குனியறா" என்பாராம்.

அவளுக்கு ஐம்பத்துமூன்று ஆகிறது. நாலு ஆசனம் பன்னிரண்டு ஆகியிருக்கிறது. போன கார்த்திகையில் வந்திறங்கியவள் பெட்டியைத் திறந்து, அவர் அனுப்பிய கறுப்பு ரொட்டியை எங்கள் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள். பசவராஜு ஒரு துண்டு கடித்தார்.

"இத ஊறவைக்கணுமா?"

"மெல்லணும் அங்கிள். நிதானமா" என்றாள்.